அண்ணி கழற்றச் சொன்ன ஆறு பெட்டிகள்

நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்குவது லேசான காரியமில்லை. அதிலும் என் வாயால். வீட்டில் என்னை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் மிளகாய். இந்த இரண்டு இடத்திலும் பதினொரு வருஷமாக என்னைச் சகித்துக்கொண்டிருக்கிற ஒருத்தரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் அண்ணனின் மனைவி. நான் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். அண்ணி அதே ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். எல்லோருக்கும் அவர் ஒயர் அக்கா.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், எங்கள் வீட்டு மிக்சியை அண்ணி திறந்து பார்த்தார். அதை அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை 'சரி செய்து' வைத்திருந்தான். அப்போது மிஞ்சிய மூன்று ஸ்க்ரூவைப் பெருமையாக ஒரு டப்பாவில் போட்டும் வைத்திருந்தான். அண்ணி அந்த டப்பாவை அவன் முன்னால் வைத்து, "ஸ்க்ரூ மிஞ்சினா அது ரிப்பேர் இல்லைங்க, திருட்டு" என்றார். புது மருமகள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அதை வெளியே சொல்ல நான் என்ன பைத்தியமா?

அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே, துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போதும் சோப்பு வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் கலந்து வரும். மேஜை மேல் தலையில்லாத பிரஷர் மெஷின்கள், முதுகு திறந்த பம்புகள். மாத்திரை டப்பாக்களில் ஸ்க்ரூ, அளவுவாரியாக. சரி செய்து அனுப்புகிற ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார். மற்றவர்கள் என்ன சரி செய்தோம் என்று எழுதுவார்கள். அண்ணி என்ன சரியாகவில்லை என்று எழுதுவார். 'பட்டன் இரண்டு முறை அழுத்த வேண்டும்.' 'சத்தம் வரும், ஆபத்தில்லை.' இப்படி. தன் வேலையைத் தானே குறை சொல்லிக்கொள்கிற இந்த மனுஷி எப்படிப் பிழைக்கப் போகிறாரோ என்று நான் கவலைப்பட்டதுண்டு.

எங்கள் வார்டில் ஆறு வார்மர்கள் உண்டு. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் சூடான கட்டில்கள். குழந்தையின் வயிற்றில் ஒரு சிறிய சென்சாரை ஒட்டுவோம். அது உடம்புச் சூட்டை ஒரு மெல்லிய ஒயர் வழியாக மெஷினுக்குச் சொல்லும். குறைந்தால் மெஷின் தானாகச் சூட்டைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். அந்தச் சின்ன உயிர்களுக்கு அரை டிகிரி என்பது நமக்குக் கம்பளியா விசிறியா என்கிற மாதிரி விஷயம் இல்லை. குளிர்ந்துபோனால் பால் குடிக்காது, மூச்சு தடுமாறும்.

அந்த வார்மர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் இரண்டு, அடுத்த வாரம் மூன்றாவது. கம்பெனி ஆள் வந்தார். திறந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது, புதிதுக்கு எழுதிப் போட்டால் நாலு மாதம் ஆகும் என்றார். ஏன் போகிறது என்று கேட்டதற்கு, "உங்க கரண்ட் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோயாளியிடம் உன் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற டாக்டரைப் போல.

ஏன் என்று கண்டுபிடித்தது அண்ணிதான். மூன்று கார்டுகளும் செத்த நேரத்தை எங்கள் வார்டு நோட்டில் தேடி எடுத்தார். மூன்றும் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த நேரம். அந்தக் கணத்தில் சுவருக்குள் ஓடும் பெரிய கம்பிகளில் ஒரு துள்ளல். அதன் சாயல், பக்கத்தில் கிடக்கும் சென்சார் ஒயரிலும் துள்ளுகிறது. கார்டின் வாசலில் இருக்கும் சிப்புக்கு ஐந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வருவதோ ஐம்பது, நூறு. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் சிப்புக்கு அது போதும்.

"அப்ப பெரிய தடுப்பா ஒண்ணு வைங்க அண்ணி."

"தடுக்க முடியாது. மேல் தொட்டி நிரம்பினா என்ன பண்றோம்? சுவரை உசத்துறோமா? மேல ஒரு ஓட்டை வச்சு வழிஞ்சு போக விடுறோம். அது மாதிரி, அஞ்சு வோல்ட்டுக்கு மேல வர்றதை மட்டும் வெட்டி வேற பக்கம் அனுப்பிடணும். அஞ்சுக்குக் கீழே இருக்கிறதை ஒரு மயிரிழை தொடக்கூடாது. ஏன்னா அதுதான் குழந்தையோட சூடு."

வெட்டுவது சுலபம், தொடாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அண்ணிக்கே அது கைவரப் பத்து நாள் ஆனது. முதலில் ஒரு வகை டயோடு போட்டார், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு மாதிரி. ஐந்தில் திறக்க வேண்டிய அது நாலரையிலேயே கசிந்தது. தூக்கிப் போட்டார். அடுத்து அரிசி அளவில் கண்ணாடிக்குள் அடைத்த இரண்டு டயோடுகள். மேலே ஏறினால் ஒன்று வெட்டும், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மற்றது வெட்டும். துள்ளி வருவதன் வேகத்தை அடக்க, முன்னால் ஒரு பெரிய ரெசிஸ்டர். எங்கள் வீட்டு அடுப்பு லைட்டரை எடுத்துக்கொண்டுபோய் ஒயருக்குப் பக்கத்தில் 'டிக் டிக்' என்று பொறி தட்டிச் சோதித்தார். இங்கே நான் லைட்டரைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, அண்ணனைத் திட்டித் தீர்த்திருந்தேன். இருநூறு பொறிக்கும் சிப் சாகவில்லை. வெந்நீர் பிளாஸ்கில் சென்சாரையும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

செத்த கார்டுகளுக்குப் புதுச் சிப் வைத்து, டயோடுகளை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்கப் போனார். எங்கள் பெரிய டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. பேசினால் சொன்ன சொல் மாறாதவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போட்டுக்கோ. ஆனா ஒரே ஒரு ரீடிங் தப்பாச்சுன்னாலும் ஆறையும் கழட்டிடுவேன். பெட்டி இல்லாம கார்டு மறுபடி போயிடும், அதனால வார்மர் பெட் ஆறையும் மூடிடுவேன். குழந்தைகளை ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் டாக்டர்."

ஆறு பெட்டிகள் செய்தார். சோப்பு டப்பா அளவு, கட்டிலின் தலைமாட்டில், சென்சார் ஒயர் சேரும் இடத்தில். மூடி மட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே ரெசிஸ்டர் கருகினால் நர்சுகளுக்கே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. அந்த மூடியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. யாரிடமும் எதையும் மறைக்காத பெட்டி. இருபத்து மூன்று நாளில் ஜெனரேட்டர் நாற்பது தடவைக்கு மேல் ஓடியது. ஒரு கார்டுகூடச் சாகவில்லை. வார்டில் எல்லோரும் ஒயர் அக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நான் வீட்டில், "பரவாயில்லை" என்று சொன்னேன். என் அகராதியில் அது பெரிய விருது.

இருபத்து நாலாவது நாள் காலையில், மஞ்சள் காமாலைக் குழந்தைகளுக்கான நீல விளக்குகள் இரண்டை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் கட்டிலுக்கு ஒன்று, ஐந்தாம் கட்டிலுக்கு ஒன்று. பதினொரு மணிக்கு இரண்டாம் கட்டில் குழந்தையின் துணியை மாற்றும்போது கால் பாதம் என் கையில் சில்லென்று பட்டது. மெஷினைப் பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி ஏழு, அருமையான எண். அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தாறு புள்ளி இரண்டு. வேறு தெர்மாமீட்டர் எடுத்தேன், அதுவும் அதையே சொன்னது. ஐந்தாம் கட்டிலிலும் இதே கதை. மற்ற நாலு கட்டிலில் இரண்டு காலி, இரண்டில் இருந்த குழந்தைகளுக்கு எண் சரியாக இருந்தது.

இரண்டு குழந்தைகளையும் கம்பளியில் சுற்றினேன், வார்மரைக் கையாலேயே ஏற்றி வைத்தேன், அடுத்த நர்சை நிற்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்கும்போது என் மனசு என்ன நினைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரே பாராட்டும்போது நாத்தனார்க்காரி குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறாள் பார் என்பார்களே என்று நினைத்தேன். குழந்தை குளிர்ந்து கிடக்கிறது, எனக்கு இந்தக் கவலை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணி கேட்டதும் எழுந்துவிட்டார். "நீ சரியா அளந்தியா" என்றுகூடக் கேட்கவில்லை. மேலே வந்தார். இரண்டாம் கட்டிலுக்கும் மூன்றாம் கட்டிலுக்கும் நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீல விளக்கைப் பார்த்தார். மெதுவாகப் போய்த் தன் உள்ளங்கையால் பெட்டியின் மூடியைப் பொத்தினார்.

முப்பத்தாறு புள்ளி ஏழு, ஆறு, நாலு, இரண்டு என்று எண் இறங்கியது. கையை எடுத்தார். ஏறியது. மறுபடி பொத்தினார். இறங்கியது.

"கண்ணாடி டயோடு" என்றார் அண்ணி, தனக்குத்தானே. "வெளிச்சம் பட்டா அதுவே துளி கரண்ட் உண்டாக்கும். கால்குலேட்டர் வெயில் பட்டு ஓடுற மாதிரி. எனக்குத் தெரியும் இது. படிச்சிருக்கேன். ரெண்டு மேலயும் சமமாப் பட்டிருந்தா ஒண்ணை ஒண்ணு ஈடு கட்டியிருக்கும். ஒண்ணு ரெசிஸ்டர் நிழல்ல மாட்டிக்கிச்சு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அதுவும் எல்லோரும் உள்ளே பார்க்கட்டும் என்று அவர் ஆசையாகப் போட்ட மூடி வழியாக.

பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து இரண்டு மூடியையும் ஒட்டி மறைத்தார். எண்கள் சரியாகிவிட்டன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவ்ளோதானே அண்ணி. மீதி நாலுலயும் டேப் ஒட்டிடுவோம். முடிஞ்சு போச்சு."

"நான் பெரிய டாக்டர்கிட்ட போறேன்."

படிக்கட்டில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எதுக்கு? சரியாயிடுச்சே. சொன்னீங்கன்னா பெட் எல்லாத்தையும் மூடிடுவாங்க. அவங்க விளையாட்டுக்குச் சொல்றவங்க இல்ல. நாலு குழந்தை இருக்கு உள்ளே. அதுல இன்னும் தேறாத ரெண்டும், ரெண்டு மணி நேரம் ஆம்புலன்ஸ்ல போகணும். யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன். இப்ப நான் பாத்தது வெளிச்சம். நான் பாக்காதது என்னன்னு எனக்கே தெரியலையே. உனக்குத் தெரியுமா?"

 எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணி போய்ச் சொன்னார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். பெரிய டாக்டர் பெட்டியைப் பார்க்கவில்லை, அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா தப்பாக் காட்டுது?"

"விளக்கு வந்த நேரத்துல இருந்து, மூணு மணி நேரம். அதுக்கு முன்னாடி இல்லைன்னு நினைக்கிறேன். ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டாக்டர். கழட்டிடுங்க."

அன்று மத்தியானமே ஆறு கட்டில்களும் மூடப்பட்டன. தேறிய குழந்தைகள் இரண்டை அம்மாக்களின் நெஞ்சோடு அணைத்துப் படுக்கவைத்தோம். மற்ற இரண்டையும் நான்தான் ஆம்புலன்சுக்குத் தயார் செய்தேன். இரண்டாம் கட்டில் குழந்தை ஒரு கிலோ நானூறு கிராம். அதன் அம்மா என் கையை விடவில்லை. "இங்கேயே வச்சுக்கக் கூடாதா சிஸ்டர்? இங்க எல்லார்கிட்டயும் பழகிட்டேனே" என்றாள். ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டும் வரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இது பாதி உண்மை. "அந்தக் குழந்தைக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னா, உங்க உண்மை வந்து அதுக்கு மூச்சு குடுக்குமா?" என்று கேட்டேன். அண்ணன், "ஏய் மிளகாய், போதும்" என்று எழுந்தான். அண்ணி கையில் இருந்த டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார். அதன் பிறகு மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. அண்ணன் நடுவில் நின்று தூது போனான்: "உப்பு வேணுமான்னு கேளு", "வேணாம்னு சொல்லுங்க" என்று.

ஆம்புலன்சில் போன இரண்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அன்று ராத்திரி எனக்குத் தகவல் வந்தது. அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் பெரிய டாக்டரின் அறை வாசலில் காத்திருந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கத்தியபோதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லி என் வாயை அடைக்கவில்லை.

மூன்று நாளும் அவர் அந்தப் பெட்டிகளை வதைத்ததைத் துவைக்கிற இடத்து அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். டயோடுகளுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுத் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறார். துவைக்கிற இடத்து ஆவியில் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்தில் போனை வைத்து அடிக்கவிட்டிருக்கிறார், ஒயரைப் பிடித்து ஆட்டியிருக்கிறார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் நாள் மத்தியானம் இன்னொன்று சிக்கியது. பெட்டி சூடானால் டயோடு கசிவது கூடுகிறது. வார்மரின் தலைமாட்டில், ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெட்டி, நாள் முழுக்கச் சூட்டில் கிடந்தால் கால் டிகிரி தப்பாகக் காட்டுகிறது. அவர் மேஜையில் வைத்து அளந்தபோது அது குளிர்ந்த பெட்டி. எங்கள் வார்டில் மெல்ல மெல்லச் சூடாகிற பெட்டி.

கறுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தால் இந்தத் தப்பு அங்கேயே இருந்திருக்கும். யாருக்கும் தெரியாமல், தினமும், ஆறு கட்டிலிலும். இதைக் கேட்டபோது நான் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

பெரிய ரெசிஸ்டரைச் சிறியதாக்கினார், அப்போதுதான் துளிக் கசிவு பெரிதாகத் தெரியாது. அது போதாமல் பெட்டியைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு, சூடு எட்டாத இடத்துக்கு மாற்றினார். லைட்டர் பொறியெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

நாலாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்து அண்ணியின் தாள்களை நின்றபடியே முழுக்கப் படித்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். "மாட்டலாம்" என்றார். "ஆனா ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு கையெழுத்து வேணும். செஞ்சவங்க ஒண்ணு, வார்டு சிஸ்டர் ஒண்ணு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு தாள்களை அண்ணி என் மேஜையில் வைத்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது. வாயால் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். கையெழுத்தால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். படிக்காமல், ஒரு எழுத்துகூடப் பார்க்காமல், பேனாவைத் திறந்து முதல் தாளில் வைத்தேன்.

அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்ன பண்றே?"

"கையெழுத்துப் போடுறேன். உங்க மேல நம்பிக்கை இருக்கு அண்ணி."

"என்னை நம்பிப் போடாதே. போன தடவை என்னை நானே நம்பித்தான் மாட்டினேன். போய் அளந்து பாத்துட்டு வா."

மூன்று நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. சமாதானத்துக்குப் போனால் இந்த மனுஷி வேலை கொடுத்து அனுப்புகிறாரே என்று சுருக்கென்றது. முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். ஆறு கட்டில், ஆறு பிளாஸ்க். வெளிச்சத்தில் ஒரு தடவை, திரை போட்டு ஒரு தடவை, ஹீட்டர் முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை. ஒவ்வொன்றையும் என் கையால் எழுதினேன். இரண்டரை மணி நேரம் ஆனது, முதுகு விட்டுப்போனது. பதினெட்டு எண்ணும் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போயின. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அண்ணி என் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத் தானும் போட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. ஒரு கிலோ நானூறு இப்போது ஒரு கிலோ நானூற்று முப்பது. அம்மா குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டிலையும் கால்மாட்டில் இருந்த தகரப் பெட்டியையும் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"இந்த மெஷின்தானே தப்பாக் காட்டுச்சு சிஸ்டர்? இப்ப சரியா இருக்கா?"

எங்கள் வார்டில் இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்காரர் பார்த்துவிட்டார், டாக்டர் சொல்லிவிட்டார், எங்கள் அண்ணி சரி செய்துவிட்டார் என்று. எல்லாம் யாரோ சொன்னதுதான். வாசலில் அண்ணி ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு வருவாரோ என்று பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"சரியா இருக்கும்மா" என்றேன். "நானே அளந்து பாத்தேன்."

 அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.